ரேணிகுண்டா வழியாக சிங்கப்பூர்!

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. யாரும் சம்பளம் தரமாட்டார்கள், ஆனால் கணக்கு மட்டும் கேட்பார்கள். 'பாலிசியை சரண்டர் பண்ணலாமா?', 'சீட்டைத் தள்ளி எடுத்தா எவ்ளோ நஷ்டம்?', 'தறிக்கு லோன் போட்டா வட்டி கட்டுப்படியாகுமா?' என்று திருத்தணி மலையின் 365 படிகளில் படிக்கு ஒருத்தர் வீதம் என்னைக் கேட்டு முடித்துவிட்டார்கள். நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். (யாராவது கேட்டபடி நடந்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.)

இந்த வரிசையில் தை மாதம் வந்து சேர்ந்தவர்கள் அத்தையும் மாமாவும்.

மாமா பொதட்டூர்ப்பேட்டைக்காரர். லுங்கி வியாபாரம். முப்பத்தைந்து வருஷம் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே ஓடியதில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, முழு பேரம். அத்தை ரிடையர்டு டீச்சர். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து, காபி குடித்து, என் மனைவியின் முறுக்கைப் பாராட்டி, கடைசியில் ஒரு பளபளப்பான நோட்டீஸை எடுத்து நீட்டினார்கள். அதில் ஒரு கப்பல். கப்பல் என்றால் சும்மா இல்லை. நம் பஸ் ஸ்டாண்டைத் தூக்கி நிறுத்தி அதன்மேல் கல்யாண மண்டபம், அதன்மேல் நீச்சல் குளம் என்று அடுக்கிய மாதிரி! சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, ஃபூகெட் பார்த்துவிட்டு, மறுபடி சிங்கப்பூர். நாலு ராத்திரி.

"உங்க அத்தைக்கு பினாங்கு பாக்கணுமாம். அதுவும் கப்பல்லதான் போகணுமாம். சென்னையிலேர்ந்து பினாங்குக்கு நேரா ஃபிளைட்டே 2024 டிசம்பர்ல விட்டாங்கப்பா. சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்றார் மாமா.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எனக்குத் தெரியும்.

என் தாத்தா, அதாவது அத்தையின் அப்பா, பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதப் போனவர். ரஜூலா கப்பல். எங்கள் வீட்டில் ரஜூலா என்றால் ஏதோ சொந்தக்காரப் பெண் பெயர் மாதிரிதான் பேசுவார்கள். 1926-லிருந்து 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே போய்வந்த கப்பல் அது. நாகப்பட்டினத்திலும் பினாங்கிலும் ஆள் ஏற்றி இறக்கும். அத்தை அப்போது அஞ்சு வயசுக் குழந்தை. தாத்தா புறப்படுகிற அன்று காலையில், 'முருகனைப் பார்க்காமல் எப்படிப் போவது' என்று மலை ஏறியிருக்கிறார். கிருத்திகைக் கூட்டம். தரிசனம் முடித்து இறங்கி வருவதற்குள் ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலைப் பிடித்துத் துறைமுகம் போனால் கப்பல் போய்விட்டது. முருகனைக் குறை சொல்ல முடியுமா? அடுத்த கப்பல் வரும் வரைக்கும் மண்ணடியில் தெரிந்தவர் கடைத் திண்ணையில் படுத்துக் கிடந்துவிட்டு, போன பிறகு முதல் நாலு மாசச் சம்பளம் அந்தக் கடனுக்கே போனதாம். வீட்டுக்கு மணியார்டர் வரவில்லை. அந்த நாலு மாசத்தை அத்தை இன்றைக்கும் 'கேழ்வரகு மாசம்' என்றுதான் சொல்வார்.

ஆக, அத்தைக்குக் கப்பலில் ஏறிப் பினாங்கைப் பார்க்க வேண்டும். தபால் ஆபீஸ் வைப்பு முடிந்து வந்த பணம் கையில் இருக்கிறது. அதைத் தவிர வேறு பணம் கிடையாது. கப்பல் டிக்கெட் விஷயத்தில் சந்தேகமில்லை. சந்தேகம் எல்லாம் விமானத்தில்.

"ஏஜென்ட், பிளேன் டிக்கெட்டையும் சேத்து கப்பல் கம்பெனி மூலமாவே போட்டுக்கலாம்ங்கறான். ஆளுக்கு முப்பத்தொன்பதாயிரம். எதுத்த வீட்டுப் பையன் கம்ப்யூட்டர்ல தட்டிப் பாத்து பத்தொன்பதுக்கே இருக்குதுங்கறான். ரெண்டுல எது?" என்றார் மாமா.

இந்தக் கேள்வி நம் ஊருக்குப் புதுசு. உலகத்துக்குப் பழசு. மேல்நாட்டுக் கப்பல் கம்பெனிகள் இதற்கென்று தனிப் பிரிவே வைத்திருக்கின்றன. ராயல் கரீபியன் அதற்கு 'ஏர்டூஸீ' என்று பெயர் வைத்தது; பிரின்சஸ் கம்பெனி 'ஈஸிஏர்' என்றது. அவர்கள் சொல்வது இதுதான்: 'விமான டிக்கெட்டை எங்களிடமே வாங்கு. விமானம் தாமதமானால் உன்னைக் கப்பலில் கொண்டு சேர்க்கிற தலைவலி எங்களுடையது. கப்பல் போய்விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அனுப்பி வைக்கிறோம். நீயே வாங்கினால் அந்தத் தலைவலி உன்னுடையது.' அதிகம் கேட்கிற காசு பாதிக்கு மேல் அந்தத் தலைவலிக்குத்தான்.

நம் முன்னோர்கள் இதை எப்போதோ பார்த்துவிட்டார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும், எழும்பூரில் ஒரே டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னார் வரை கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். ரயிலில் வருகிறவர்களுக்காகத்தான் அந்தக் கப்பலே. போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே போய், பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 1980-கள் வரை ஓடி, அதுவும் நின்றது. சென்னை–சிங்கப்பூர் பக்கமும் அதே கதைதான். ரஜூலாவுக்குப் பின் வந்த எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு சரி. இல்லாவிட்டால் அத்தை ராயபுரம் பக்கம் ஒரு ஆட்டோ பிடித்துப் போய்க் கப்பல் ஏறியிருப்பார். நானும் வேறு ஏதாவது எழுதியிருப்பேன்.

நிற்க.

ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். சென்னையில் இருக்கிறார். குரலில் தேன்.

"எந்த ஃபிளைட் ஸார்?"

"கொழும்பு வழியா ஸார். கனெக்ஷன் அஞ்சு மணி நேரம்தான். மத்தியானம் பன்னெண்டரைக்கு சிங்கப்பூர். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கப்பல். சூப்பரா இருக்கும் ஸார்."

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகவே விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துச் சொச்சம். அதை விட்டுவிட்டு எதற்குக் கொழும்பு? இது திருத்தணிக்காரன் அரக்கோணம் போக ரேணிகுண்டா வழியாகப் போகிற மாதிரி. (வெளியூர் வாசகர்களுக்கு: அரக்கோணம் எங்களுக்குத் தெற்கே, ரேணிகுண்டா வடக்கே. நடுவில் நாங்கள்.)

ஆனால் இதில் ஏஜென்ட்டைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அடுத்தவரிடம் மொத்தமாக ஒப்படைத்தால் விமானம், நேரம், வழி எல்லாம் அவர் இஷ்டம். மொத்தமாக எந்த விமானத்தில் சீட் வாங்கி வைத்திருக்கிறாரோ அதில்தான் ஏற்றுவார். தேதி மாற்ற வேண்டுமென்றாலும் விமானக் கம்பெனி உங்களோடு பேசாது, 'யாரிடம் வாங்கினீர்களோ அங்கே போங்கள்' என்றுவிடும்.

எனக்கு இன்னொரு விஷயம் உறுத்தியது.

"கொழும்புல ஃபிளைட் லேட்டாகி கப்பல் போயிடுச்சுன்னா?"

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும் ஸார்."

"எந்தக் கம்பெனி? கப்பல் கம்பெனியா, உங்க கம்பெனியா?"

மறுமுனையில் ஒரு இருமல்.

"இது நம்ம குரூப் டிக்கெட் ஸார். கப்பல் கம்பெனி டிக்கெட் மாதிரியேதான்."

இந்த 'மாதிரியே' இருக்கிறதே, அங்கேதான் நம் ஊர்க் கணக்கு வேறு ஆகிறது. கப்பல் கம்பெனி டிக்கெட் போட்டுக் கொடுத்தால், சேர்த்துவிடுகிற பொறுப்பு கம்பெனியுடையது. அது அவர்கள் விதிமுறைகளில் அச்சடித்திருக்கும். ஏஜென்ட் தானே மொத்தமாக விமான சீட் வாங்கி, கப்பல் டிக்கெட்டோடு முடிச்சுப் போட்டு விற்றால், கப்பல் கம்பெனிக்கும் அந்த விமானத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதிகக் காசும் கொடுத்து, உத்தரவாதமும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். பில் யார் பெயரில் வருகிறது, கப்பலைத் தவறவிட்டால் யார் செலவு என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன். மெயில் அனுப்புவதாகச் சொன்னார். இதை எழுதும் வரை வரவில்லை.

சேர்த்து வாங்குவதில் வரிச் சங்கதியும் ஒன்று உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலா 'பேக்கேஜ்' என்றால் டி.சி.எஸ். என்று முன்கூட்டியே ஒரு வரி பிடிப்பார்கள். விமான டிக்கெட் மட்டும் தனியாக வாங்கினால் அது கிடையாது. பிடித்ததை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம்தான். ஆனால் கணக்கைத் தாக்கல் செய்து, பணம் வருகிற வரை நாள் எண்ணிக்கொண்டு உட்காருவது யார்? நான்தான். மாமாவின் லுங்கிக் கணக்கே இன்னும் என் மேஜையில் கிடக்கிறது.

சரி, எதிர்த்த வீட்டுப் பையனின் பத்தொன்பதாயிரம்? போய்ப் பார்த்தேன். கெட்டிக்காரப் பையன்தான். சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு கம்பெனி, அங்கிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு கம்பெனி. தனித்தனி டிக்கெட். நடுவில் இரண்டரை மணி நேரம்.

"இதுக்கென்ன? மலிவா இருக்குல்ல?" என்றார் மாமா.

"மாமா, ஒரே டிக்கெட்ல ரெண்டு விமானம் இருந்தா, மொதல் விமானம் லேட்டாச்சுன்னா அடுத்ததுல ஏத்திவிட வேண்டியது அவங்க பொறுப்பு. தனித்தனி டிக்கெட்னா ரெண்டாவது விமானக்காரனுக்கு நீங்க யாரோ. 'வரலை'ன்னு கோடு போட்டுட்டுப் போயிடுவான். அதுல ரிட்டர்னும் சேந்திருந்தா அநேகமா அதையும் சேத்து அடிச்சிடுவான். பெட்டியையும் நடுவுல நீங்களே எடுத்து, இமிக்ரேஷன் தாண்டி, மறுபடி போட்டாகணும்."

மாமா யோசித்தார். "நூல் ஒருத்தன்கிட்ட, சாயம் ஒருத்தன்கிட்ட வாங்கிட்டு, கலர் போச்சுன்னா யாரைக் கேக்கறதுங்கற மாதிரி" என்றார். இதைத்தான் நான் பத்து நிமிஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கப்பல் நிற்காதா, இரண்டு வயசானவர்களுக்காக அரை மணி தாமதிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். மாட்டார்கள். புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னாலேயே ஏற்றுகிற கதவை மூடி, பயணிகள் பட்டியலை முடித்துவிடுவார்கள். 2024 மார்ச் கடைசியில் 'நார்வீஜியன் டான்' என்ற கப்பல், ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் ஊர் சுற்றப் போய் நேரத்துக்குத் திரும்பாத எட்டுப் பேரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. அவர்கள் போனது கப்பல் ஏற்பாடு செய்த சுற்றுலா அல்ல. தாங்களே பிடித்த வண்டி. பிறகு ஊர் ஊராக விமானம் மாறி, காம்பியாவில் கப்பலைப் பிடிக்கலாம் என்று போனால், கடல் நீர்மட்டம் சரியில்லை என்று கப்பல் அங்கே கட்டவே இல்லை! கடைசியில் செனகலில் போய்த்தான் ஏறினார்கள். நமக்கென்றால் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேறு பார்க்க வேண்டும்.

இதைச் சொன்னதும் அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப கூடவே குடுத்துடலாம்டா. முப்பத்தொன்பதே குடுத்துடலாம்" என்றார். கேழ்வரகு மாசம் ஞாபகம் வந்திருக்கும்.

"மொத்தமா ஒருத்தர்கிட்ட குடுத்துட்டா எல்லாம் நடந்துடும்னும் இல்லை அத்தை" என்றேன். திருப்பதி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து சுற்றுலாக் கழக பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். சாப்பாடு, தரிசனச் சீட்டு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். நாங்கள் ரோட்டில் நின்று 'கொடுத்து வைத்தவர்கள்' என்று பார்ப்போம். 2024 நவம்பரில் தேவஸ்தானம், சுற்றுலாக் கழகங்களுக்குக் கொடுத்துவந்த தரிசன ஒதுக்கீட்டை ரத்து செய்தது. பஸ் இருக்கிறது, தரிசனச் சீட்டு இல்லை! கப்பலிலும் அப்படித்தான். 'சூப்பர்ஸ்டார் விர்கோ' என்றால் ஒரு காலத்தில் சென்னைக்காரர்கள் பல பேருக்குத் தெரியும். அதை நடத்திய ஸ்டார் குரூஸஸின் தாய்க் கம்பெனி 2022 ஜனவரியில் கடையைக் கட்ட மனுப் போட்டுவிட்டது. அந்த மாதிரி நேரத்தில் எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் கட்டியவர் என்ன செய்வார்?

அதே சமயம் இதையும் சொல்லியாக வேண்டும். கப்பல் கம்பெனியே பயணத்தை ரத்து செய்தால், அவர்கள் மூலம் வாங்கிய விமான டிக்கெட்டை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்களாக வாங்கிய டிக்கெட்டுக்கு நீங்கள்தான் அழ வேண்டும். இந்தப் பக்கமும் பள்ளம் இருக்கிறது.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நேர் விமானம், நாமே வாங்கினால் ஆளுக்கு இருபத்தைந்தாயிரத்து ஐநூறு. ஏஜென்ட்டுக்கும் அதற்கும் இரண்டு பேருக்கு வித்தியாசம் ரூ.27,000. கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாளே போய், சிரங்கூன் ரோடு பக்கம் ஒரு ராத்திரி தங்கினால் ரூமுக்கு ஒன்பதாயிரத்து ஐநூறு, சாப்பாடு, டாக்ஸி மூவாயிரம். அப்படியும் ரூ.14,500 மிச்சம். கப்பல் கம்பெனி கொடுக்கிற உத்தரவாதத்துக்குப் பதிலாக நம் கையில் ஒரு முழு நாள். விமானம் ஆறு மணி நேரம் லேட்டா? ஆகட்டும். அன்றைக்கு ரத்தாகி அடுத்ததில் ஏற்றினாலும் அநேகமாகக் கப்பலைப் பிடிக்கலாம். 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் மீனம்பாக்கம் விமான நிலையத்தையே மூடினார்கள். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகள் ஓய்வு விதிகளால் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்து. அந்த மாதிரி நாளில் யாரிடம் டிக்கெட் வாங்கியிருந்தாலும் பறக்க முடியாது.

இது சென்னை–சிங்கப்பூருக்குச் சொல்கிற கணக்கு. நேர் விமானம் இருப்பதால் சொல்கிறேன். பார்சிலோனாவிலோ மியாமியிலோ கப்பல் ஏறப் போகிறவர், இரண்டு விமானம் மாறிப் போகிறவர், குளிர்காலத்தில் போகிறவர் கேட்டால், கப்பல் கம்பெனியே நேரடியாகக் கொடுக்கிற டிக்கெட்டை வாங்கு என்றுதான் சொல்வேன். முடிந்தால் அதிலும் முந்தின நாளே போய் இறங்கு என்பேன்.

மாமா பேப்பரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஒரு நாள் முன்னாடி போறதுக்கு ஒன்பதாயிரத்து ஐநூறா? ஏர்போர்ட்லயே உக்காந்திருந்தா?"

அத்தை ஒரு பார்வை பார்த்தார். சிரங்கூன் ரோடு ரூம் உறுதியாயிற்று.

ஆனால் ஒன்று. எந்தக் கம்பெனியின் உத்தரவாதமும் மீனம்பாக்கத்தில்தான் ஆரம்பம். திருத்தணியிலிருந்து மீனம்பாக்கம் வரை? அது நம் பொறுப்பு. எண்பது கிலோமீட்டருக்கு மேல். திருவள்ளூரைத் தாண்டி, பூந்தமல்லிப் பக்கம் போய்ச் சேருகிற வரைக்கும் வழியில் என்ன கல்யாணம், என்ன ஊர்வலம், எந்த லாரி குறுக்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தாத்தா தவறவிட்டதும் கடலில் இல்லை, இந்த மலையடிவாரத்தில்தான். அதனால் புறப்படுகிற தேதி கிருத்திகையா என்று முதலில் காலண்டரைப் பார்த்தேன். இல்லை. மாமாவுக்கு டாக்ஸி வாடகை கசந்ததால், காலையிலேயே லோக்கல் ரயிலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் விமான நிலையம். இரண்டு பெட்டி, ஒரு கட்டைப்பை. கட்டைப்பையில் முறுக்கு.

மீதி வேலைகளையும் நானே பார்த்தேன். பயண இன்ஷூரன்ஸில் 'கப்பலைத் தவறவிட்டால்' என்ற வரி இருக்கிறதா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்கு மேல் பணம் தருவார்கள் என்று படித்தேன். (அந்தச் சின்ன எழுத்தைப் படித்ததில் என் கண்ணாடி பவர் ஏறியதுதான் மிச்சம்.) கப்பலில் போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் வருவதால் ஒருமுறைக்கு மேல் நுழைய விசா வேண்டும், அதைப் பார்த்தேன். சிங்கப்பூர் வருகைச் சீட்டை இணையத்தில் நிரப்புவது இலவசம். அதற்கும் காசு கேட்கிற போலி ஆசாமிகள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை. திரும்பும் விமானத்தை ராத்திரிக்குப் போட்டேன். கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும், ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி, இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர நேரமாகும். காலை பத்து மணிக்கு விமானம் போட்டுவிட்டு வரிசையில் நின்று பல்லைக் கடிக்கக் கூடாது.

பங்குனியில் போனார்கள்.

விமானம் ஒரு நிமிஷம் கூடத் தாமதமாகவில்லை. சொன்ன நேரத்துக்குக் கிளம்பி, பத்து நிமிஷம் முன்னதாகவே இறங்கியதாம். அன்று ராத்திரி சிரங்கூன் ரோடிலிருந்து மாமா போன் செய்தார்.

"மாப்ளே, எல்லாம் டைமுக்கு வந்துடுச்சு. அப்ப இந்த ரூம் ஒன்பதாயிரத்து ஐநூறு தண்டம்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. பின்னால் அத்தையின் குரல் கேட்டது: "நான் நிம்மதியாத் தூங்கப் போறேன். போனை வைங்க!"

அதற்கடுத்த போன் பினாங்கிலிருந்து. அத்தையேதான். கப்பல் மேல்தட்டில் விடியற்காலை நாலரை மணியிலிருந்து நின்றாராம். முதலில் ஒன்றும் தெரியவில்லையாம், விளக்கு மட்டும்தான். அப்புறம் மலை தெரிந்ததாம். "அப்பா சொல்வாரேடா, மொதல்ல மலைதான் தெரியும், நம்ம ஊர் மாதிரின்னு. அப்படியேதான் இருக்கு." அதற்குமேல் ஒன்றும் பேசாமல் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டார்.

மாமா கரகரத்த குரலில், "இங்க கோடாலித் தைலம் வெலை விசாரிச்சேன். டஜனா எடுத்தா கொறைக்கிறான். உனக்கு ரெண்டு போதுமா?" என்றார்.

மூன்று கேட்டேன். இரண்டுதான் வந்தது.